நாலாவது ஆள்

எங்கள் காலனியில் கேமரா வைத்திருந்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதில்லை. உத்திரமேரூர் ஏரித் தண்ணீர் பாயும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. அந்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தி கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வழியாக நடந்தால் நாலு பேர் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள். பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் நானும் நடந்தேன்.

கேமரா எனக்குக் கிடைத்ததே டிஜிட்டல் வந்த புண்ணியத்தில். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் ஆறு வருடம் படம் வெட்டும் வேலை பார்த்தேன். பிரிண்ட் வந்ததும் ஓரம் சீவி, தலை தலையாகக் கத்தரித்து, கவரில் போட்டுக் கொடுப்பேன். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் இருக்கும், முதலாளி டிஜிட்டல் கேமராவும் கம்ப்யூட்டரும் வாங்கினார். வெட்டும் வேலையைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொண்டது. பழைய பிலிம் கேமராவும் நானும் ஒரே மாதத்தில் வேலை இழந்தோம். சீந்துவார் இல்லாமல் அலமாரியில் கிடந்த அதை, அவர் கேட்ட கொஞ்சத்திலும் கொஞ்சம் குறைத்துப் பேசி நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். அதன் அர்த்தம் எனக்கு அடுத்த மாதமே புரிந்தது. பிலிம் ரோல் ஒன்றில் முப்பத்தாறு படம் எடுக்கலாம். எடுத்து முடித்ததும் அதை லேபில் கொடுத்து மருந்தில் கழுவினால்தான் நெகட்டிவ் கிடைக்கும். நெகட்டிவ் இருந்தால்தான் பிரிண்ட். முதலில் உத்திரமேரூரிலேயே ரோல் வாங்கிக்கொண்டார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். மாகரல் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்துக் காஞ்சிபுரம் போக வேண்டியதாயிற்று. முதல் தடவை ஒரு ரோல் கழுவ எனக்கு ஒரு நாள் களையெடுப்புக் கூலி ஆனது. அடுத்த தடவை ஒன்றரை நாள். அதற்கடுத்து புதன்கிழமை மட்டும்தான் மெஷின் ஓடும் என்று பலகை எழுதி மாட்டிவிட்டார்கள், கூலி இரண்டு நாளாகிவிட்டது.

லேப்காரர் மோசமான ஆள் இல்லை. நான் சண்டைக்கு நின்றபோது உட்காரவைத்து விளக்கினார். தொட்டியில் ஊற்றிய மருந்து ஒரு ரோலைக் கழுவினாலும் நூறு ரோலைக் கழுவினாலும் அதே அளவுதான். ரோலே வராவிட்டாலும் அது பாட்டுக்குக் கெட்டுப்போகும். ஊரே டிஜிட்டலுக்குப் போன பிறகு அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். என் தலையில் கட்டினார்.

நான் எடுத்ததெல்லாம் கல்யாணம் காட்சி இல்லை. ரேஷன் கார்டு, சாதிச் சான்று, மகளிர் குழுப் புத்தகம் என்று எதற்கெடுத்தாலும் ஒட்ட ஒரு தலை வேண்டும். டவுன் ஸ்டுடியோவுக்குப் போனால் அரை நாள் கூலி போகும், அவர்கள் உள்ளே கூப்பிடும்வரை வெயிலில் நிற்க வேண்டும். நான் என்றால் வேலை விட்டு வந்து முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். ஆனால் ஒரு தலைக்கு ஒரு படம் என்று எடுத்தால் கழுவும் கூலிக்குக் கட்டாது. அதனால்தான் ஆறு வருடம் கத்தரி பிடித்த என் மூளை வேலை செய்தது.

மேக்ஸி சைஸ் பிரிண்ட் ஆறு அங்குல நீளம். நாலு பேரை நெருக்கி உட்கார வைத்து எடுத்து, பிரிண்டை நாலாக வெட்டினால் ஆளுக்கு ஒன்றரை அங்குலம். பாஸ்போர்ட் சைஸ் தயார். எங்கள் மாதா கோயிலில் இருந்து ஒரு பெஞ்சைக் கேட்டு வாங்கி வந்து போட்டேன். பின்னால் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டினேன். ஒரே படத்தில் நாலு பேருக்கு வேலை முடிந்தது, செலவை நாலு தலையும் பகிர்ந்துகொண்டன. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. டிஜிட்டல்காரர்களுக்கு இது தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்டது, கண்டுபிடித்தேன்.

ஒரே ஒரு இடத்தில்தான் சிக்கல். எப்போதும் சொல்லிவைத்த மாதிரி நாலு பேர் வருவார்களா? இரண்டு பேர் வந்தால் எடுத்துவிடலாம். மூன்று பேர் வந்துவிட்டால் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள். மூணு பேர் சேர்ந்து படம் எடுத்தால் ஒருத்தருக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் சரி, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்களும் சரி, இந்த ஒரு விஷயத்தில் ஒரே மதம். எப்படியும் தனித்தனியாகத்தானே வெட்டப்போகிறேன் என்று வாதாடிப் பார்த்தேன். உட்காரும்போது மூணு பேர்தானே என்றார்கள்.

அந்த மூன்றை நாலாக்கக் கிடைத்தவன்தான் பக்கத்து வீட்டுத் தம்பி. செய்யாற்று மணலை லாரியில் ஏற்றும் லோடுமேன் வேலை அவனுக்கு. ஆள் உயரம், அதைவிடத் தோள் அகலம். ஒரு நாள் மூன்று பெண்கள் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று தயங்கிக்கொண்டிருந்தபோது, வேலையிலிருந்து திரும்பி வந்தவன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனாகவே ஓரத்தில் உட்கார்ந்தான். அன்றிலிருந்து மூன்று பேர் வரும்போதெல்லாம் அவன் வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தால் போதும்.

"இன்னாக்கா, நாலாவது ஆள் வோணுமா?" என்று கேட்டுக்கொண்டே வருவான்.

அவன் பங்கை நான் வெட்டி எறிந்துவிடுவேன். உனக்கும் ஒன்று வைத்துக்கொள்ளேன் என்றால், என் மூஞ்சிய நானே வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சிரிப்பான். காசு கொடுத்து எடுத்துக்கொள்ளவும் இல்லை, ஓசியில் வாங்கிக்கொள்ளவும் இல்லை.

நெருக்கி உட்காரும் பெஞ்சில் அவன் தோள் மட்டும் அடங்காது. எவ்வளவு ஒட்டி வெட்டினாலும் பக்கத்து ஆளின் படத்தில் அது ஒரு விரல் அகலமாவது வந்துவிடும். ஒருமுறை தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒரு மனுவைத் திருப்பிக் கொடுத்தார். இந்தம்மாவுக்கு ஒரே பக்கத்தில் இரண்டு தோள் இருக்கிறதே, இதில் எது அவருடையது என்று கேட்டார். நீலச் சட்டை போட்ட தோள் எங்கள் ஊர்த் தோள், மற்றது அந்தம்மாவுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன். மனுவை வாங்கிக்கொண்டார்.

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும். தன் நெகட்டிவ் வேறொருத்தர் கையில் இருந்தால் அதை வைத்துச் செய்வினை செய்துவிடுவார்கள் என்று எங்கள் ஆட்களுக்குப் பயம். தனி ஆள் படமென்றால் நெகட்டிவை அவரவர் கையில் கொடுத்துவிடலாம். ஒரு நெகட்டிவில் நாலு பேர் இருந்தால் யாரிடம் கொடுப்பது? இதற்காகவே இரண்டு வீட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நான் நாட்டாமை செய்தேன். பிரிண்ட் போட்டதும் எல்லோரும் பார்க்க நடுத்தெருவில் நெகட்டிவைக் கொளுத்திவிடுவேன். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. எவ்வளவு நேர்மையானவள் நான் என்று எனக்கே என்மேல் மதிப்பு வந்தது. மூன்று ரோல்களை அப்படிக் கொளுத்தினேன்.

நாலாவது ரோல் கேமராவில் இருந்தபோது கார்த்திகை மாதம். கழுவும் கூலி மூன்று நாள் சம்பளத்தைத் தொட்டிருந்தது. முப்பத்தாறும் முடியாமல் காஞ்சிபுரம் பஸ் ஏறுவதில்லை என்று முடிவோடு இருந்தேன். அப்போதுதான் அந்தத் தம்பியின் பெண்சாதி, புதுக் குடும்ப அட்டைக்குப் படம் வேண்டும் என்று மாமியாரையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மூன்று பேர். வழக்கம் போல அவனைக் கூப்பிட்டோம். அவன் வந்து பெண்சாதி பக்கத்தில் உட்கார்ந்தான். அது இருபத்து நாலாவது படம். இன்னும் பன்னிரண்டு எடுத்து முடித்ததும் கழுவித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

தை மாதம் செய்யாற்றில் மணல் அள்ளும்போது கரை சரிந்து அவன்மேல் விழுந்தது. கூட இருந்தவர்கள் தோண்டி எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவளுக்கு அப்போது ஏழு மாதம்.

வீட்டில் மாலை போட்டு வைக்க ஒரு படம் இல்லை. கல்யாணத்தை ஒரு கோயிலில் சுருக்கமாக முடித்திருந்தார்கள், அங்கேயும் யாரும் எடுக்கவில்லை. ஊருக்கெல்லாம் உட்கார்ந்து கொடுத்தவன் முகத்தை நான் கத்தரித்துக் குப்பையில் போட்டிருந்தேன், மிச்சத்தை நடுத்தெருவில் கொளுத்தியிருந்தேன். கருமாதி அன்று என்னால் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அடிக்கடி படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று எவளோ என் காதில் விழும்படி முணுமுணுத்தாள். அவன் பெண்சாதிதான் தலையை நிமிர்த்தி, ஆற்றில் மணல் சரிந்து செத்தவர்கள் எல்லாம் படம் எடுத்துக்கொண்டா செத்தார்கள் என்று கேட்டு அந்தப் பேச்சை அதோடு நிறுத்தினாள்.

அன்று சாயங்காலம் பக்கத்துத் தெருப் பெரியம்மா ஒருத்தி தன் ரேஷன் கார்டை எடுத்து வந்து அவளிடம் காட்டினாள். பெரியம்மா முகத்துக்குப் பக்கத்தில் நீலச் சட்டைத் தோள். பெரியம்மாவைப் பார்த்து இன்னொருத்தி குழுப் புத்தகத்தை எடுத்து வந்தாள், வேறொருத்தி மகளுடைய சாதிச் சான்று மனுவின் நகலை எடுத்து வந்தாள். ஒன்றில் தோள், ஒன்றில் சட்டைக் காலர், ஒன்றில் காது மடலும் கொஞ்சம் முடியும். எங்கள் காலனியின் பாதிப் பேர் இன்னார்தான் என்று சர்க்காருக்குச் சொல்லும் காகிதங்களில் எல்லாம் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஆனால் முகம் ஒன்றிலும் இல்லை.

அந்தக் காகிதங்களை அவள் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, கார்த்திகையில் எடுத்த ரோல் இன்னும் கேமராவில்தானே இருக்கிறது என்று கேட்டாள். இருந்தது. என் கஞ்சத்தனம் அதைக் கழுவாமல் வைத்திருந்தது. வயிற்றில் இருக்கும் பிள்ளை அப்பன் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் உலகத்தில் மிச்சமிருந்தது அந்த இருபத்து நாலாவது படமும், அவன் உட்கார்ந்த வேறு நாலு படங்களும்தான்.

மறு வாரமே காஞ்சிபுரம் போய் விசாரித்தேன். புதன்கிழமைப் பலகையையும் காணோம். மெஷினை நிறுத்தியாகிவிட்டது, சென்னைக்கு அனுப்பித்தான் கழுவ வேண்டும் என்றார் லேப்காரர். கூலி ஐந்து நாள் சம்பளம், முன்பணமாகவே வேண்டும். நான் கட்டிவிடுகிறேன் என்ற முடிவோடுதான் ஊருக்கு வந்தேன். அவளிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த மனுசன் ஊருக்கே ஓசில குந்திக்கினு இருந்தாரு. அவரு மூஞ்சிய நான் ஓசில வாங்கிக்க மாட்டேன்க்கா. பிள்ள பொறக்கட்டும், வேலைக்குப் போயி நானே குடுக்கறேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வரப்போவது அக்னி நட்சத்திரம், கழுவாத பிலிமுக்கு வெயில் ஆகாது, படம் பாழாய்ப் போனால் உன் ரோஷத்தையா சட்டம் போட்டு மாட்டுவாய் என்று கத்தினேன். அவள் அசையவில்லை. தனக்குத் தெரியாமல் கழுவிக்கொண்டு வந்தால் அந்தப் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

அந்தக் கோடை முழுக்க நான் அந்த ரோலுக்குத் தாதி வேலை பார்த்தேன். கேமராவிலிருந்து எடுத்த ரோலை அதன் டப்பாவில் போட்டு மூடி, டப்பாவைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மண்பானைக்குள் வைத்து, பானையை ஈர மணலில் பாதிவரை புதைத்தேன். காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர் ஊற்றினேன். குடிக்கும் தண்ணீருக்குக்கூட நான் அத்தனை கவனம் கொடுத்ததில்லை. பங்குனியில் அவளுக்குப் பெண் பிறந்தது. வைகாசி கடைசியிலேயே குழந்தையை மரத்து நிழலில் தூளியில் போட்டுவிட்டு வேர்க்கடலை பறிக்கப் போக ஆரம்பித்துவிட்டாள். வாங்கிய கூலியில் கொஞ்சத்தை எடுத்து முந்தானையில் முடிவாள். எவ்வளவு சேர்ந்தது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வாள்.

ஆனி முடிவில் இருவரும் குழந்தையோடு காஞ்சிபுரம் பஸ் ஏறினோம். லேபில் நான் பயந்ததே நடந்தது. கூலி மறுபடி ஏறியிருந்தது, ஏழு நாள் சம்பளம் கேட்டார். சென்னையிலும் ஒவ்வொரு இடமாக மூடுகிறார்கள், தான் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். நான் பேரம் பேச வாயைத் திறப்பதற்குள் அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, கேட்ட பணத்தை எண்ணி மேஜைமேல் வைத்துவிட்டாள். அதற்கப்புறமும் முடிச்சில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

வெளியே வந்ததும் எப்படி என்று கேட்டேன்.

"நீதான சொல்லிக்கினே இருப்ப, போற வாட்டியெல்லாம் ஏத்தறான்னு. அதான் ஏத்துனா ஏத்தட்டும்னு கூடவே எடுத்தாந்தேன்" என்றாள்.

விலை ஏறுகிறது என்று இத்தனை வருடம் புலம்ப மட்டுமே தெரிந்தவள் நான். ஏறும் என்று கணக்குப் போட்டு அதற்கு முன்னால் போய் நின்றவள் அவள். அன்று பஸ்ஸில் குழந்தையை நான் மடியில் வாங்கிக்கொண்டேன். அவளை நினைத்து எனக்கு அத்தனை பெருமை.

பதினைந்து நாள் கழித்து நான் மட்டும் போய் வாங்கி வந்தேன். கவரைக் கையில் வாங்கியும் பிரிக்கத் தைரியம் வரவில்லை. பஸ் ஏறி உட்கார்ந்து, மாகரல் வந்த பிறகுதான் பிரித்தேன். முதல் எட்டுப் படங்களில் சிவப்பாகப் புகை படிந்திருந்தது. பதினேழாவது பரவாயில்லை. இருபத்து நாலைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, கண்ணைத் திறந்து பார்த்தேன். மாமியார் காதோரம் கொஞ்சம் சிவப்பு, மற்றதெல்லாம் சுத்தம். குடும்ப அட்டைக்காக மூன்று பெண்களும் முறைத்துக்கொண்டிருக்க, தன்னை எப்படியும் வெட்டிவிடுவார்கள் என்று தெரிந்த ஒருத்தன் மட்டும் அத்தனை பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்து சீட்டுக்காரர் யார்மா இது என்று கேட்டார். எங்க ஊர்க்காரர் என்றேன்.

நான் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் காலனிக்குச் செய்தி போய்விட்டது. அவனோடு உட்கார்ந்த மற்ற நாலு படத்துக்காரர்களும் காத்திருந்தார்கள். இரண்டு படத்தில் புகைக்கு நடுவிலும் அவன் முகம் தெரிந்தது. கத்தரியை எடுத்தேன். ஒருத்தர்கூட வெட்ட விடவில்லை. கார்டுக்கு வேறு எடுத்துக்கொள்கிறோம், இது அப்படியே இருக்கட்டும் என்று முழுசாக வாங்கிக்கொண்டு போனார்கள். புகை மூடிய படத்தைக்கூட ஒருத்தி விடவில்லை, இந்த இடத்தில்தானே அவன் உட்கார்ந்திருந்தான் என்றாள்.

இப்போது என்னிடம் இருப்பது டிஜிட்டல் கேமராதான். கழுவும் கூலி இல்லை, பெஞ்சு இல்லை, ஆளுக்கு ஒரு படம். அதைக் குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும், என் பிள்ளைகளைப் படிக்க வைத்ததே அது. ஆனால் நான் எடுத்த படங்களில் எது பெரியது என்று கேட்டால் இருபத்து நாலைத்தான் காட்டுவேன்.

அந்தப் படம் வந்த அன்று கடைசியாக அவள் வீட்டுக்குப் போனேன். குழந்தை இடுப்பில் இருந்தது. படத்தைக் கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள், அழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது. அதை மறைக்க, பழைய வாய்ப் பழக்கத்தில், அட்டைக்கு உன் தலையை மட்டும் வெட்டித் தரட்டுமா, நாலு பேர் படம்தானே என்று கேட்டுவைத்தேன்.

"நல்லாப் பாருக்கா. எத்தினி பேரு கீறாங்க?"

நான் மறுபடி எண்ணினேன். மாமியார், நாத்தனார், அவள், அவன். நாலு என்றேன்.

அவள் குழந்தையின் விரலைப் பிடித்து, படத்தில் தன் வயிற்றின்மேல் வைத்தாள்.

"அஞ்சு பேருக்கா. அப்பனும் மவளும் சேந்து எடுத்த போட்டோ இது. வெட்டாத."

நான் கத்தரியைப் பைக்குள் போட்டேன்.